ஏபிஎஸ் விசாரணைக்கு முன் வக்கீலிடம் ஒரு மணி நேரம்: கொடுத்த காசுக்குத் தகுமா?

கலிஃபோர்னியாவில் வயதான பெற்றோரோ மாமனார் மாமியாரோ கூடவே இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். கவுண்டியின், அதாவது நம்ம ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரியான அமைப்பின், முதியோர் பாதுகாப்புப் பிரிவான ஏபிஎஸ்ஸிலிருந்து போன் வந்தால் உடனே பேசிவிடுவதா, வக்கீலைப் பார்த்துவிட்டுப் பேசுவதா? முதியோர் சட்டம் மட்டும் பார்க்கும் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் நாங்கள் பேசினோம். கட்டணம் 425 டாலர். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

விஷயம் இதுதான். அத்தை, அதாவது என் மாமியார், குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதனால் தொட்டியைப் பெயர்த்துவிட்டு, படியேறாமல் உள்ளே போகிற மாதிரி கைப்பிடி வைத்த ஷவர் போட்டோம். காண்டிராக்டருக்கு 14,000 டாலரை என் கிரெடிட் கார்டில் கொடுத்தோம். "என் காசுலதான் செய்யணும்" என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றார். சரி என்று என் கணவர், அத்தை சார்பில் பணத்தைக் கையாளத் தன்னிடம் இருந்த அதிகாரப் பத்திரமான பவர் ஆஃப் அட்டர்னியை வைத்து, அத்தையின் கணக்கிலிருந்து அந்தக் கார்டு பில்லைக் கட்டினார். அப்புறம் கவுண்டியிலிருந்து அழைப்பு, அம்மா பணத்தைப் பிள்ளை எடுத்துவிட்டார் என்று புகாராம். புகார் செய்தது யார் என்று சொல்லமாட்டார்கள், அது சட்டப்படி ரகசியம். வங்கியாக இருக்கலாம் என்பது எங்கள் ஊகம். முதியவர் பணத்தில் யாரோ கைவைக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் வங்கி ஊழியர்கள் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது 2007 முதல் இந்த மாநிலத்தில் சட்டம்.

என் கணவர், மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு என்கிற ரகம். வக்கீல் என்றாலே தப்பு செய்தவன் என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. அப்படியெல்லாம் இல்லை என்று வக்கீல் அதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது அவர் ஆரம்பித்த விதம். அத்தையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அவரை மரியாதையாக வெளியே வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டு, "நான் உங்கள் இருவருக்கும்தான் வக்கீல், உங்கள் அம்மாவுக்கு இல்லை" என்றார். என் கணவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. காரணத்தைக் கேட்டால் நியாயம்தான். மூன்றாவது ஆள் உட்கார்ந்திருந்தால், வக்கீலிடம் பேசுவதற்கு உள்ள ரகசியப் பாதுகாப்பு போய்விடலாம். புகாரே அம்மா பணத்தைப் பிள்ளை எடுத்தார் என்பது, அதில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே வக்கீல் எப்படி நிற்பார்?

அடுத்து காண்டிராக்டரின் பில்லைக் கேட்டார். அதில் வாடிக்கையாளர் பெயரைப் பென்சிலால் வட்டம் போட்டார். என் கணவர் பெயர். வீடு யார் பெயரில்? எங்கள் பெயரில். கார்டு? என்னுடையது. மூன்றையும் சேர்த்து ஒரு வாக்கியமாகவே வாசித்துக் காட்டினார்: "தாயின் பணத்தில் மகன் தன் வீட்டைப் புதுப்பித்து, மனைவியின் கார்டு கடனை அடைத்தார்." அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை! அம்மா காசு, என் காசு என்று பிரித்துப் பார்க்காததை நம் வீடுகளில் பெருமையாகச் சொல்வோம். பவர் ஆஃப் அட்டர்னி வைத்திருப்பவர் பிரித்து வைக்கத்தான் வேண்டும், வரவுசெலவுக்குக் கணக்கும் எழுதவேண்டும் என்கிறது இங்கே சட்டம். ஷவரை மாற்றச் சொன்ன பிசியோதெரபிஸ்ட்டின் குறிப்பு, காண்டிராக்டரின் மதிப்பீட்டுத் தாளில் அத்தை போட்ட கையெழுத்து, கார்டிலும் அத்தையின் கணக்கிலும் அதே தொகையைக் காட்டும் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தார். 425 டாலரில் பாதி அங்கேயே செரித்துவிட்டது.

மீதி நேரம் செய்யக்கூடாதவற்றுக்குப் போனது. ஏபிஎஸ் போலீஸ் இல்லை, ஆனால் அவர்களிடம் சொல்வது போலீசுக்குப் போகலாம். பேசமாட்டேன் என்று சொல்லவும், வாரண்ட் இல்லாமல் உள்ளே வராதீர்கள் என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. அதனால் விசாரணை நின்றுவிடாது, நம் பக்கக் கதை மட்டும் இல்லாமல் நடக்கும். அத்தையிடம் தனியாகப் பேசவேண்டும் என்பார்கள், கதவோரம் நிற்காதீர்கள். மொழிபெயர்க்க முந்திக்கொள்ளாதீர்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்வது கவுண்டியின் பொறுப்பு. என் கணவர் போனில் பதிவு செய்துவைக்கலாமா என்று கேட்டார். இந்த மாநிலத்தில் இப்படிப்பட்ட தனிப்பட்ட பேச்சை எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் பதிவு செய்வதே குற்றம் என்றார். அவர் சொல்லாவிட்டால் நாங்கள் நிச்சயம் பதிவு செய்திருப்போம்.

இழுத்தடிக்கவும் கூடாது. அவசரமில்லாத புகாரிலும் 10 நாளுக்குள் அவர்கள் விசாரணையைத் தொடங்கவேண்டும். வியாழக்கிழமை பேசுகிறோம் என்று திருப்பிக் கூப்பிட்டுச் சொன்னோம், ஏபிஎஸ்ஸில் பேசிய பெண் சாதாரணமாகச் சரி என்றார்.

எல்லோருக்கும் வக்கீல் வேண்டுமா என்றால், வேண்டாம். ஏபிஎஸ்ஸுக்கு வரும் புகார்களில் நிறைய, தனியாக இருக்கும் முதியவர் தன்னைத்தானே கவனித்துக்கொள்ளவில்லை என்பதுதான். அம்மா சாப்பிடுகிறாரா, மாத்திரை போடுகிறாரா என்று கேட்க உங்களைக் கூப்பிட்டால் பேசுங்கள், அது உதவி. பணம், காயம், பவர் ஆஃப் அட்டர்னி, வீட்டுப் பத்திரம் என்று ஏதாவது ஒன்று வந்து, சந்தேகமும் உங்கள் மேல் என்றால் முதலில் வக்கீல். போலீஸ் ஏற்கெனவே உள்ளே வந்திருந்தால் இவர் மாதிரி முதியோர் சட்ட வக்கீலிடம் போகவேண்டாம், கிரிமினல் வக்கீலைப் பாருங்கள்.

இனி குறைந்த அந்த ஒரு நட்சத்திரம். பாதி, கடைசிப் பத்து நிமிடத்துக்கு. விசாரணை அன்று கூடவே உட்காருகிறேன், ரீடெய்னர், அதாவது முன்பணம், 5,000 டாலர் என்று ஆரம்பித்தார். எங்கள் கேசுக்கு அது தேவைப்படவில்லை. வேண்டாம் என்ற பிறகும் அவர் அசிஸ்டன்ட் போன் செய்துகொண்டே இருந்தார். மீதிப் பாதி, கேட்டால்தான் சொல்வேன் என்று இருந்ததற்கு. அத்தைக்குத் தனி வக்கீல் வேண்டும் என்று அவர்தான் சொன்னார், அதற்கும் ஒரு தொகை ஆகும் என்று நாங்கள் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். 60 வயது தாண்டியவர்களுக்கு மத்திய அரசுப் பணத்தில் இலவச சட்ட உதவி இருக்கிறது, கவுண்டியின் முதியோர் அலுவலகத்தில் விசாரித்தால் கிடைக்கும் என்பதை, நான் நோண்டிக் கேட்ட பிறகுதான் சொன்னார்.