குருணையா, தெளிப்பா, அட்டையா: தலைப்பிரட்டையைக் கேட்டால்?

சம்பா நடவு முடிந்து ஐப்பசி மழை இறங்கிவிட்டால் டெல்டா வயல்களில் ராத்திரி முழுக்கத் தவளைக் கச்சேரிதான். சில நாளில் தண்ணீரில் தலைப்பிரட்டைகள் நெளியும். குருத்துப்பூச்சிக்காக மருந்துக்கடைப் படி ஏறுவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். பூச்சிக்கு எது கேட்கும் என்றுதான் எல்லோரும் விசாரிப்போம். தண்ணீரில் தூவும் குருணை மருந்து, தெளிப்பு மருந்து, குளவி முட்டை ஒட்டிய அட்டை: இவற்றில் எது தண்ணீருக்குள் போகிறது என்பதை மட்டும் வைத்து இங்கே பார்க்கிறேன்.

தலைப்பிரட்டைக்கு மோசமானது குருணைதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்ணீரில் கரைந்து வேர் வழியாக ஏறுவதற்கென்றே செய்த மருந்து அது. கார்போஃபியூரான் 3 சதவீதக் குருணை ஏக்கருக்கு 10 கிலோ போட்டால், அதில் நஞ்சு 300 கிராம். இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும் ஏக்கரில் சுமார் 2 லட்சம் லிட்டர் இருக்கும். முழுதும் கரைந்தால் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம். தண்ணீர் ஓர் அங்குலமாக இறங்கினால் மூன்று. மருந்து வீணாகக் கூடாதென்று மடையை வேறு அடைத்துவிடுகிறோம். தலைப்பிரட்டை எங்கே போகும்? பூச்சியின் நரம்பில் எந்த நொதியை இது முடக்குகிறதோ, அதே நொதி தலைப்பிரட்டைக்கும் உண்டு. உடனே சாகாவிட்டாலும் நீந்தத் தடுமாறும். கொக்குக்கு அது போதும்.

அமெரிக்காவில் ரிக் ரெலியா 2001-ல் இதே வகை மருந்தான கார்பரிலை மரத்தவளைத் தலைப்பிரட்டைகளிடம் சோதித்தார். தம்மைத் தின்னும் விலங்கின் வாடை தண்ணீரில் இருந்தாலே போதும், மருந்தின் கொடுமை இரண்டு முதல் நான்கு மடங்கு வரை கூடியது. நம் வயலில் தட்டான் குஞ்சும் தண்ணீர்ப் பாம்பும் இல்லாத தண்ணீர் ஏது?

தெளிப்பு கொஞ்சம் தேவலை, அதுவும் பயிர் தூர் கட்டி வரப்பு முதல் வரப்பு வரை மூடிய பிறகு. இளம்பயிரில் அடித்தால் பெரும்பங்கு தண்ணீரில்தான் விழும். அடித்த மறுநாள் மழை பெய்தால் இலையில் இருந்ததும் கீழே வரும். அப்புறம் அது வடிகால் வழியாகக் கடைமடைக்காரர் வயலுக்குப் போகும்.

வேப்பங்கொட்டைக் கரைசல், 100 லிட்டருக்கு 5 கிலோ. வெயிலில் சீக்கிரம் சிதையும் என்பது பெரிய லாபம். ஆனால் ஒட்டுவதற்காகச் சோப்பைக் கை நிறைய கரைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சோப்பு செவுளைக் கெடுக்கும். இயற்கை மருந்துதானே என்று அளவை மறக்க வேண்டாம்.

ட்ரைக்கோகிரம்மா அட்டையில் தண்ணீருக்குப் போவது ஒன்றுமில்லை. பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் குட்டிக் குளவிதான் ட்ரைக்கோகிரம்மா. அதில் குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிகம் என்ற வகை, இலைச்சுருட்டுப்புழுவுக்கு கைலோனிஸ் என்ற வகை. மாற்றிக் கட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. தாய் அந்துப்பூச்சி பறக்கும்போதே கட்ட வேண்டும். குருத்து காய்ந்த பிறகு கட்டினால் காசு போனதுதான். கட்டிய வாரத்தில் தெளித்தாலும் அப்படியே.

என் வயலுக்கு அட்டையைத்தான் எடுப்பேன், கைக்காவலுக்கு வேப்பங்கொட்டை. தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வந்தால் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அப்போது முதல் வேலை தண்ணீரை வடிப்பது. வடித்தால் மருந்தே இல்லாமல் தலைப்பிரட்டைகள் சேற்றில் காயும். வாய்க்காலுக்குத் தப்பியவை மட்டும் மிஞ்சும்.