செஸ் படத்துல நடிக்க வைக்கிறோம்னு காசு கேட்டா கொடுக்காதீங்க: கடலூர் பெற்றோர் கவனத்துக்கு

கடலூர், நெல்லிக்குப்பம், பாண்டி பக்கம் செஸ் விளையாடுற பிள்ளைங்க இருக்கிற வீடுகளுக்காக இதை எழுதுறேன். "பள்ளி செஸ் டீம் பத்தி ஒரு இண்டிபெண்டண்ட் படம் எடுக்கிறோம், நிஜமா விளையாடுற பிள்ளைங்கதான் வேணும்"னு ஒரு குழு சுத்துது. எங்க பொண்ணு டீம்ல இருக்கிற அத்தனை வீட்டுலயும் பணம் வாங்கிட்டு கம்பி நீட்டிட்டாங்க.

பேச்சு அவ்வளவு பக்குவமா இருக்கும். 2022-ல மாமல்லபுரத்துல நடந்த ஒலிம்பியாட்ல ஆரம்பிச்சு, 2024-ல சிங்கப்பூர்ல டிங் லிரெனைத் தோற்கடிச்சு 18 வயசுல குகேஷ் உலக சாம்பியன் ஆனது வரைக்கும் விரல் நுனியில வச்சிருந்தாங்க. "சென்னைப் பசங்க கதையை யார் வேணும்னாலும் எடுப்பான், கடலூர் பசங்க கதையை யார் சார் எடுப்பா?"ன்னு ஒரு கேள்வி. இதுலயே பாதிப் பேர் கவுந்துட்டாங்க.

ஆடிஷன் இலவசம். செலக்ட் ஆயிட்டான்னு சொன்னதுக்கு அப்புறம்தான் ஆக்டிங் ஒர்க்‌ஷாப்புக்கு 8,000, காஸ்ட்யூமுக்கும் போட்டோவுக்கும் 4,500. எல்லாமே ஒரு தனி ஆளோட ஜிபே நம்பருக்கு. ரசீது கேட்டா "கம்பெனி ரிஜிஸ்ட்ரேஷன் போயிட்டிருக்கு சார்."

மஞ்சக்குப்பத்துல ஒரு ஹால்ல டெஸ்ட் ஷூட் வச்சாங்க. மேசையில போர்டைத் திருப்பிப் போட்டிருந்தாங்க. டீம்ல இருக்கிற பொடியன் ஒருத்தன், "அங்கிள், வலது கை மூலையில வெள்ளைக் கட்டம் வரணும்"னு சொன்னான். "அதெல்லாம் கேமராவுல தெரியாதுடா தம்பி." அதோட விட்டாங்களா? கிளைமாக்ஸ்ல எங்க பொண்ணு ராணியை வச்சு எதிராளியோட ராஜாவை வெட்டித் தூக்கி வீசணுமாம். பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க. செஸ்ல ராஜாவை வெட்டுற வேலையே கிடையாது, ராஜா தப்பிக்க வழியில்லாம மாட்டி மேட் ஆனாலே ஆட்டம் முடிஞ்சுது. செஸ் படத்துக்குக் கதை எழுதினவங்க லட்சணம் அது.

அதுக்கப்புறம் பாண்டி ஒயிட் டவுன்ல ஷூட்டிங், பர்மிஷன் வரல, கேமராமேனுக்கு டெங்குன்னு தினம் ஒரு கதை. இப்போ போனும் ஸ்விட்ச் ஆஃப்.

உண்மையிலேயே சின்ன பட்ஜெட்ல படம் எடுக்கிறவங்க இருக்காங்க, அவங்களை நான் குறை சொல்லல. சம்பளம் கம்மியா இருக்கலாம். ஆனா நடிக்கிற பிள்ளைகிட்டயே காசு வாங்குறவன் படம் எடுக்க வந்தவன் இல்ல.

பிள்ளைங்களை நடிக்க வைக்கணும்னா, ஷூட்டிங் நடக்கிற மாவட்டத்தோட கலெக்டர்கிட்ட அனுமதி வாங்கணும்னு குழந்தைத் தொழிலாளர் சட்ட விதியிலயே இருக்கு. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, ஓய்வு கொடுக்காம தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல கூடாது. பிள்ளை சம்பாதிக்கிறதுல குறைஞ்சது 20 சதவீதத்தை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில அந்தப் பிள்ளை பேர்லயே டெபாசிட் போடணும். யாராவது வந்தா முதல்ல அந்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்க. படத்தோட தலைப்பை எந்தச் சங்கத்துல பதிவு பண்ணியிருக்காங்கன்னும் கேளுங்க. எங்க ஆளுங்க இந்த ரெண்டுக்குமே "அது ப்ராசஸ்ல இருக்கு"ன்னுதான் சொன்னாங்க.

போலீஸ்ல புகார் கொடுத்திருக்கோம். ஜிபே, போன்பேல பணம் அனுப்பினவங்க உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு அடிச்சுடுங்க, சீக்கிரம் சொன்னாத்தான் பணம் போன அக்கவுண்டை முடக்க வாய்ப்பு இருக்கு. ஸ்க்ரீன்ஷாட், வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம். பண்ருட்டி பக்கம் இதே மாதிரி ஒரு ஆள், இந்த தடவை பள்ளி சிலம்பம் டீம் படம்னு சொல்லிக்கிட்டு வந்ததா ஒரு அக்கா சொன்னாங்க. அந்தப் பக்கம் இருக்கிறவங்க உங்க ஸ்கூல் குரூப்ல இதைப் போட்டுடுங்க.