கார்பன் தடையைத் துளைக்கிறது என்பதற்கு எது வலுவான சான்று: உறைபடலமா, ஐசோடோப்பு விகிதமா?

செங்கோட்டை வட்டாரத்தில் முதுகலை வேதியியல் படித்துவிட்டு, புனலூர் ரயிலேறி விதுராவிலுள்ள ஐசர் போன்ற ஆய்வு நிறுவனங்களுக்குப் போக நினைக்கும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையை ஹைட்ரஜன் மேலேறிக் கடக்காமல் உள்ளே புகுந்தே ஊடுருவும் (tunnelling) என்பதை அவர்கள் எளிதில் ஏற்கிறார்கள். அதைவிடப் பன்னிரண்டு மடங்கு எடை கொண்ட கார்பனும் அப்படிச் செய்யும் என்றால் தயங்குகிறார்கள்.

தயக்கத்தில் நியாயம் உண்டு. ஊடுருவும் வாய்ப்பு, தடையின் அகலம், தடை உயரத்தின் வர்க்கமூலம், நிறையின் வர்க்கமூலம் ஆகிய மூன்றின் பெருக்கலைப் பொறுத்து அடுக்குக்குறி வேகத்தில் குறைகிறது. ஆரியங்காவுப் பக்கம் ரயில் குகை வெட்டியவர்களுக்கு மலையின் உயரத்தைவிடக் குகையின் நீளமே பெரிய செலவாக இருந்திருக்கும். இங்கும் அகலமே முதன்மையானது. ஹைட்ரஜனுக்குக் கிடைக்கும் அதே வாய்ப்பு கார்பனுக்கும் கிடைக்க வேண்டுமானால், அதே உயரத்தில் தடை ஏறத்தாழ மூன்றரை மடங்கு குறுகலாக இருக்க வேண்டும். ஆகவே அணுக்கள் மிகச் சிறிதே நகரும் வினைகளில்தான் இதைத் தேட வேண்டும். நான்கு கார்பன் வளையமான சைக்ளோபியூட்டாடையீனின் ஒற்றை, இரட்டைப் பிணைப்புகள் இடம் மாறும் வினையில் ஊடுருவலே முதன்மை வழி என்று வேதியியலாளர் பேரி கார்பென்டர் 1983-இல் வாதிட்டதும் இந்த அடிப்படையில்தான்.

முதல் வழி உறைபடலம். நைட்ரஜனையோ ஆர்கானையோ சில கெல்வினுக்குக் குளிர்வித்த சாளரத்தின் மீது உறையவைத்து, அதற்குள் மூலப்பொருளைச் சிறைப்படுத்தி, ஒளி பாய்ச்சி நிலையற்ற இடைப்பொருளை உண்டாக்கி, அதன் அகச்சிவப்பு உச்சிகள் மணிக்கணக்கில் மெல்லத் தேய்வதை அளக்கிறார்கள். 2003-இல் ஷெரிடன், போர்டன், ட்ரூலர் ஆகியோரின் குழுக்கள் 1-மெத்தில்சைக்ளோபியூட்டைல்புளோரோகார்பீனின் நான்கணு வளையம் ஐந்தணு வளையமாக விரிவதை 8 கெல்வினில் இப்படித்தான் கண்டன. மோலுக்கு 6 கிலோகலோரி தடையுள்ள ஒரு வினையை 8 கெல்வினிலிருந்து 16 கெல்வினுக்குச் சூடாக்கினால், வெப்பநிலையோடு வினைவேகம் உயர்வதைச் சொல்லும் அரீனியஸ் கணக்குப்படி அதன் வேகம் ஒன்றுக்குப் பின் எண்பதுக்கும் மேற்பட்ட சுழியங்கள் இட்ட மடங்காக உயர வேண்டும். ஆனால் அளந்த வேகமோ அந்த அடிமட்ட வெப்பநிலைகளில் ஏறக்குறைய மாறாமல் நின்றது. தடையைத் தாண்டியே வினை நடக்கிறது என்று சொல்பவர்களுக்கு இதன் பிறகு வாதமே மிஞ்சவில்லை என்பது என் கருத்து.

குறைகளும் உண்டு. படலத்துக்குள் மூலக்கூறுகள் ஒரே வகைச் சூழலில் அமர்வதில்லை என்பதால் தேய்வு ஒழுங்கான அடுக்குக்குறிக் கோட்டில் விழாது. அளக்கும் கருவியின் ஒளியே வினையைத் தூண்டிவிடவும் கூடும். எனவே இருட்டில் வைத்து ஒப்பிட்டாக வேண்டும். இவற்றையெல்லாம் சரிசெய்தாலும், குடுவையில் சாதாரணமாக நடக்கும் வினையைப் பற்றி இந்த வழி நேரடியாக எதுவும் சொல்வதில்லை.

அங்கேதான் இரண்டாவது வழி எனக்கு அதிகம் பிடிக்கிறது. எடை குறைந்த அணு தடையை எளிதில் துளைக்கும் என்பதால், கார்பனின் இரு ஐசோடோப்புகளின் வேகத்தை ஒப்பிடுவதே இதன் அடிப்படை. இயற்கைக் கார்பனில் 1.1 விழுக்காடு எடை கூடிய கார்பன்-13, மற்றது கார்பன்-12. சைக்ளோபுரோப்பைல்கார்பினைல் தனிஉறுப்பின் (radical) மூன்றணு வளையத்தில் ஒன்றுக்கொன்று சமமான இரண்டு கார்பன்கள் உள்ளன. வளையம் திறக்கும்போது அவற்றுள் ஏதேனும் ஒன்றன் பிணைப்பு அறுகிறது. அறுந்த பக்கத்துக் கார்பனும் அறாத பக்கத்துக் கார்பனும் விளைபொருளில் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், ஒரே மாதிரியின் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) நிறமாலையில் இரண்டு உச்சிகளின் பரப்பை ஒப்பிட்டாலே எடை குறைந்த கார்பன் எவ்வளவு முந்திக்கொள்கிறது என்பது தெரிந்துவிடும். கார்பன்-13 ஏற்றிய விலையுயர்ந்த மூலப்பொருள் தேவையில்லை. பொறுமையும் நீண்ட கருவி நேரமும் தேவை.

கார்பன் ஐசோடோப்பு விளைவு பொதுவாக ஐந்து விழுக்காட்டை, அதாவது இரு வேகங்களின் விகிதம் 1.05-ஐ, தாண்டுவது அரிது. சிங்கிள்டன் குழுவினர் போர்டன், தத்தா முதலியோருடன் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவுகளில் இந்த விகிதம் 80 டிகிரி செல்சியஸில் 1.062 ஆகவும், மைனஸ் 100 டிகிரியில் 1.163 ஆகவும் இருந்தது. ஊடுருவலைச் சேர்க்காத கணக்கு இவற்றுக்கு மிகவும் கீழே நின்றுவிட, ஊடுருவலைச் சேர்த்த கணக்கு நன்றாகப் பொருந்தியது. எண்பது டிகிரிச் சூட்டில் நடக்கும் வினையிலும் கார்பன் தடையைத் துளைத்துச் செல்கிறது என்பதை உணரும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

ஆனால் இந்த வழி கணக்கீட்டின் தோளில் ஏறியே நிற்கிறது. படலத்தில் கிடைத்த தட்டையான கோடு தானே பேசும், 1.062 என்ற எண், எதிர்பார்த்த மதிப்பு எவ்வளவு என்று தெரிந்தால்தான் பேசும். ஊடுருவல் உண்டா என்ற கேள்விக்கு நான் உறைபடலத்தையே முன்வைப்பேன். அன்றாட வினையில் அதன் பங்கு எவ்வளவு என்று கேட்டால் ஐசோடோப்பு விகிதம்தான் விடை தரும். ஹீலியக் குளிர்விப்பான் இல்லாத எங்கள் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் இத்துறையில் இறங்க விரும்பினால், என்.எம்.ஆர். கருவியில் நேரம் கேட்டு வாங்கி, ஒரே வெப்பநிலையோடு நின்றுவிடாமல் நன்கு இடைவெளி விட்ட மூன்று நான்கு வெப்பநிலைகளிலாவது விகிதத்தை அளக்க வேண்டும். தனி எண்ணைக் கணக்கீட்டின் பிழை என்று தள்ளிவிடலாம், வெப்பநிலை குறையக் குறைய வளைந்து ஏறும் கோட்டை அப்படித் தள்ளுவது கடினம்.