பலகையை நம்பிய அமாவாசைச் சாப்பாடு

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு சைவ உணவகத்துக்கு, அமாவாசை விரதம் இருந்த அம்மாவுடன் போயிருந்தேன். 'இன்று வெங்காயம், பூண்டு சேர்க்காத சமையல்' என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். வாழை இலைச் சாப்பாடு 11 வெள்ளி. பரங்கிக்காய்க் கூட்டு கைமணத்தோடு இருந்தது. புடலங்காய்ப் பொரியலின் மேல் தேங்காய்ப்பூ வெண்மை மாறாமல் கிடந்தது. ரசம் மட்டும் சற்று நீர்த்திருந்தது.

இரண்டாம் முறை சாம்பார் ஊற்றியவரிடம், "இதில் வெங்காயம் இல்லையே, தம்பி?" என்று அம்மா கேட்டார். "இல்லைன்னுதான் நினைக்கிறேன்மா" என்றார் அவர். பிசைந்த சோற்றிலேயே அம்மாவின் கை நின்றுவிட்டது. சமையலறை வாசலில் போய் விசாரித்தேன். கூட்டம் மிகுந்தால் வழக்கமான சாம்பாரையும் அதே வாளியில் ஊற்றிவிடுவதுண்டு என்றும், அன்று கூட்டம் குறைவு என்பதால் ஊற்றவில்லை என்றும் மூத்த சமையல்காரர் ஒளிக்காமல் சொன்னார்.

ஆக, அம்மா நம்பியபடியே சாம்பாரில் வெங்காயம் இல்லை. நம்புவதற்குப் பலகையும் இருந்தது. ஆனால் அது அவருக்குத் தெரிந்திருந்ததா? நியாயமான நம்பிக்கை தற்செயலாக மெய்யாகிவிட்டால் மட்டும் அது அறிவாகிவிடாது என்று தத்துவ அறிஞர் எட்மண்ட் கெட்டியர் 1963இல் மூன்றே பக்கங்களில் காட்டினார். அறிவு என்பதே உண்மைகளைக் காரணங்களாகக் கொண்டு செயல்படும் திறன் என்றார் இன்னொரு தத்துவ அறிஞர் ஜான் ஹைமன், 1999இல். அன்று அந்த இலையின் முன்னால் நான் ஹைமனின் பக்கம் சாய்ந்தேன். 'வெங்காயம் இல்லாததால் சாப்பிட்டேன்' என்பதும் 'வெங்காயம் இல்லை என்று நம்பிச் சாப்பிட்டேன்' என்பதும் நம் பேச்சிலேயே வெவ்வேறு. வீடு திரும்பும் வழியில் அம்மா சொன்னது இரண்டாவதைத்தான்.

அவர் சாப்பிட்டதை விளக்க நம்பிக்கையே போதுமே என்று கேட்கலாம். விளக்கப் போதும், மறுக்கவில்லை. ஆனால் வாளியில் வெங்காயம் கலந்திருந்தாலும் அவர் அதே நிம்மதியோடுதான் சாப்பிடத் தொடங்கியிருப்பார் என்னும்போது, அவரைச் சாப்பிட வைத்தது பலகையே தவிர, சாம்பாரில் வெங்காயம் இல்லாத உண்மை அல்ல. விரதக்காரருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் வழங்கும் ஹலால் சான்றிதழை ஒரு கடையில் பார்க்கும்போது, அதன் பின்னால் சோதனை ஒன்று நடந்திருக்கிறது. இந்தப் பலகையின் பின்னால் அப்படி எதுவும் இல்லை.

சுவைக்காகப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். அடுத்த அமாவாசையிலிருந்து தனி வாளி வைப்பதாகச் சமையல்காரர் சொல்லியிருக்கிறார். அதைக் கண்ணால் பார்த்த பிறகே அம்மாவை மறுபடி அழைத்துப் போவேன்.