களத்தில் நிற்பவர் எந்த ‘ட்ரெய்னர்’? அமெரிக்கப் பள்ளி விளையாட்டில் நான்கு தகுதிகள், ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் அத்லெட்டிக் ட்ரெய்னர், பெர்சனல் ட்ரெய்னர், உடல்வலுப் பயிற்றுநர், பிசியோதெரபிஸ்ட் ஆகிய நால்வரையும் விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர் ஒரே தட்டில் வைத்துவிடுகிறார்கள். ஜிம்மில் எடை தூக்கக் கற்றுத் தருபவரையே ட்ரெய்னர் என்று சொல்லிப் பழகிய நம் காதுக்கு முதல் பெயர்தான் அதிகக் குழப்பம் தரும். உண்மையில் அத்லெட்டிக் ட்ரெய்னரின் வேலை பயிற்சி கொடுப்பதன்று. மருத்துவரின் வழிகாட்டலில் காயத்தைத் தடுப்பது, கண்டறிவது, உடனடிச் சிகிச்சை அளிப்பது, ஆட்டக்காரரை மீண்டும் களத்துக்குத் தயார்செய்வது ஆகியவையே அவர் பணி. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990இல் இதை மருத்துவத் துணைத் தொழிலாக ஏற்றது.

அத்லெட்டிக் ட்ரெய்னரின் பெயருக்குப் பின்னால் வரும் ஏ.டி.சி. என்ற மூன்றெழுத்துச் சான்று, பி.ஓ.சி. என்னும் சான்றளிப்பு வாரியம் வழங்குவது. அங்கீகாரம் பெற்ற கல்வித் திட்டத்தை முடித்து, வாரியத் தேர்வில் தேறியவருக்கே அது கிடைக்கும். இன்று இத்துறைக்குள் நுழைய முதுகலைப் பட்டம் வேண்டும். எனினும் முந்தைய விதிப்படி இளங்கலைப் பட்டத்துடன் சான்று பெற்றவர்களின் தகுதி அப்படியே செல்லும் என்பதால், பட்டத்தை மட்டும் பார்த்து மூத்த ஒருவரைக் குறைத்து எடைபோடுவது தவறு. தொடர்கல்வியும் இதய அவசர உதவிப் பயிற்சியும் இல்லாமல் சான்று நிலைக்காது. பெரும்பாலான மாநிலங்களில் இதற்கு மேல் மாநில உரிமமும் வேண்டும். கலிபோர்னியா நெடுங்காலமாக இதற்கு விதிவிலக்கு.

பெர்சனல் ட்ரெய்னருக்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. பதினெட்டு வயது, பள்ளிப் படிப்பு, சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சி, ஒரு தேர்வு ஆகியவை பெரும்பாலான சான்றுகளுக்குப் போதும். உடற்பயிற்சிக்கு அவர் ஏற்றவர். வீங்கிய கணுக்காலை அவரிடம் காட்டுவதில் பொருளில்லை.

சி.எஸ்.சி.எஸ். என்னும் உடல்வலுப் பயிற்சிக்கான சான்று பெற்ற உடல்வலுப் பயிற்றுநர் அதற்கு மேற்பட்ட நிலையில் இருப்பவர். பட்டம் பெற்று, அறிவியல், செய்முறை என இரு பகுதிகள் கொண்ட தேர்வை எழுதியவர். ஆயினும் அவரும் சிகிச்சையாளர் அல்லர்.

உண்மையான போட்டி பிசியோதெரபிஸ்டுடன்தான். முனைவர் நிலைப் பட்டம், தேசியத் தேர்வு, எல்லா மாநிலங்களிலும் கட்டாய உரிமம் என அவரது கல்வித் தகுதி கனமானது, எஸ்.சி.எஸ். என்ற விளையாட்டுச் சிறப்புச் சான்றும் சேர்ந்திருந்தால் முழங்கால் தசைநார் அறுவைக்குப் பிந்திய பல மாத மறுவாழ்வுக்கு என் தேர்வு அவரே. ஆனால் அவர் பெரும்பாலும் கிளினிக்கில் இருப்பார். ஆட்டக்காரர் சுருண்டு விழுவதோ திடலில். 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர் டமார் ஹேம்லினின் இதயம் ஆட்டத்தின் நடுவே நின்றபோது சி.பி.ஆர். செய்தவர் அந்த அணியின் உதவி அத்லெட்டிக் ட்ரெய்னர் டென்னி கெல்லிங்டன். கடும் பயிற்சியின்போது வெப்பத்தாக்கு நேர்ந்தாலும் இதே கதைதான்: முதலில் குளிர்நீர்த் தொட்டியில் அமிழ்த்தி உடலைக் குளிர்விக்க வேண்டும், அதன் பிறகே ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும் என்பது இத்துறையின் பாலபாடம். அந்த முதல் சில நிமிடங்களில், எவ்வளவு பெரிய பட்டமானாலும், அருகில் இல்லாதவரால் பயனில்லை.

தகுதியைச் சரிபார்ப்பது கடினமன்று. பி.ஓ.சி. இணையதளத்தில் பெயரையும் மாநிலத்தையும் கொடுத்தால் சான்று நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். மாநில உரிம வாரியத்தின் தேடுபக்கத்தில் உரிமத்தின் நிலையையும், ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதையும் தனியே பார்க்க வேண்டும். இரண்டையும் பார்ப்பதே முறை, ஏனெனில் ஒன்று காலாவதியாகி மற்றொன்று நடப்பில் இருக்கக்கூடும். கலிபோர்னியாவில் பி.ஓ.சி. பதிவு ஒன்றே பிடிமானம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் அத்லெட்டிக் ட்ரெய்னரே கிடையாது. அப்படிப்பட்ட பள்ளியில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: பயிற்சி நேரத்தில், நின்ற இதயத்தை இயக்க மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி எங்கே இருக்கிறது, அதை எடுத்து வருபவர் யார், குளிர்நீர்த் தொட்டி நிரப்பப்பட்டிருக்கிறதா?