சொந்த மென்பொருளா, வைப்போவின் ஐபாஸா?

காப்புரிமை, வணிகக்குறி அலுவலகத்தைக் கணினிமயமாக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் முட்டி நிற்பது இந்தக் கேள்வியில்தான். உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போ தரும் ஐபாஸ் என்ற மென்பொருள், விண்ணப்பம் பதிவதிலிருந்து புதுப்பித்தல் வரை எல்லாப் படிகளையும் தயாராக வைத்திருக்கிறது. 80-க்கும் மேற்பட்ட அலுவலகங்கள் வைப்போ மென்பொருளில் ஓடுகின்றன.

சொந்தமாக எழுதினால் உள்நாட்டுச் சட்டத்தின் நெளிவுசுளிவெல்லாம் அப்படியே உள்ளே வரும். ஆனால் எல்லாவற்றையும் நாமே சோதிக்க வேண்டும். உதாரணமாக, ஒரு நாட்டில் முதலில் விண்ணப்பித்த தேதியையே இன்னொரு நாட்டிலும் தன் தேதியாகக் கோருவதுதான் முன்னுரிமை; பாரிஸ் உடன்படிக்கைப்படி அதைக் கோர, அந்த முதல் தேதியிலிருந்து காப்புரிமைக்கு 12 மாதம், வணிகக்குறிக்கு 6 மாதம். கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலைநாள். இந்தக் கணக்கு ஒரு நாள் பிசகினாலும் விண்ணப்பதாரரின் உரிமை போச்சு. எழுதிக் கொடுத்த நிறுவனம் ஒப்பந்தம் முடிந்ததும் கைகழுவினால், சின்னத் திருத்தத்துக்குக்கூட ஆள் தேட வேண்டும்.

ஐபாஸில் இந்தத் தலைவலி குறைவு. உள்ளூர் நடைமுறைக்கேற்ப மாற்றியமைக்கவும் இடமுண்டு. மென்பொருள் அணி இல்லாத சிறிய அலுவலகம் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், ஐபாஸ்தான். விண்ணப்பங்கள் குவியும் பெரிய அலுவலகம், நிரந்தரப் பொறியாளர்களும் உண்டு என்றால் சொந்தமாகக் கட்டலாம்.

எதை எடுத்தாலும் பழைய பதிவேடு விடாது. மை மங்கிய ஏட்டில் ஒரே உரிமையாளரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். அப்படியே ஏற்றினால் தேடலில் மூன்று பேராக வந்து நிற்பார். (இந்த வேலைக்குத் திட்டத்தில் பணம் ஒதுக்க ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.)