கில்மைனமா, கிரம்ளின் ரோடா? ஒரே நாள்தான் இருக்கிறது என்றால்

அயர்லாந்து போகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. இரண்டுமே பழைய சிறைகள், இன்று அருங்காட்சியகங்கள்.

வயது: டப்ளினின் கில்மைனம் 1796இல் திறந்தது, ஆனால் படங்களில் நாம் பார்க்கும் கண்ணாடிக் கூரைக் கிழக்குப் பிரிவு 1862இல் வந்த விக்டோரியா காலத்து வேலை. பெல்ஃபாஸ்ட்டின் கிரம்ளின் ரோடு, 1840களில் சார்லஸ் லான்யன் வடிவமைத்தது, முழுக்க அந்தக் காலத்துச் சரக்கு.

அன்றாடம்: இரண்டிலும் ஒரே கொள்கைதான், கைதியைத் தனி அறையில் பேச்சுத் துணையில்லாமல் வைத்தால் திருந்திவிடுவான் என்று. கில்மைனத்தில் நடுவில் நின்றாலே அடுக்கடுக்காக அறைக்கதவுகள் தெரியும், கதவில் எட்டிப் பார்க்க ஒரு சின்னத் துளை வேறு. கிரம்ளினில் நடு வட்டத்திலிருந்து 4 பிரிவுகள் விரிகின்றன. எதிரே பழைய நீதிமன்றம், இரண்டையும் இணைக்கச் சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை.

மனதை உலுக்குவது: கில்மைனத்தில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த 1916 எழுச்சியின் தலைவர்களைச் சுட்ட முற்றம். கிரம்ளினில் மரண தண்டனைக் கைதியின் அறையில் ஒரு புத்தக அலமாரி. அதை நகர்த்தினால் தூக்கு மேடை! அத்தனை நாளும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, அவனுக்குத் தெரியாமல்.

டிக்கெட்: கில்மைனம் மலிவு, ஆனால் ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்காவிட்டால் கஷ்டம்.

அரசியல் வரலாறு பிடிக்குமா, கில்மைனம். சிறை எப்படி இயங்கியது என்பதே ஆர்வம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கிரம்ளின். டப்ளினிலிருந்து ரயிலில் சுமார் 2 மணி நேரம்தான்.